அரைத் தலைக்கட்டு

எலாதியாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் மலையூர் வல்தெலினோவில் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் நிக்கானோர். அவருக்குக் காது மந்தம். இன்னொருத்தி காசில்தா, அவளுக்கு எலாதியாவைவிடப் பெரிய வாய்.

எலாதியா எங்கள் ஊர்க்காரி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கோதுமைகூட விளையாத ஒரு மேட்டு ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த அன்று வண்டியில் ஒரு கட்டில், ஒரு செப்புப் பானை, வண்டிக்குப் பின்னால் கயிற்றில் ஒரு பசுங்கன்று. பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் மாட்டோடு பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவாள், மாடும் கேட்கும். அந்தக் கன்றின் வம்சத்தில் வந்தவைதான் கலானாவும் பிந்தாவும். எங்கள் பக்கம் எருது வைத்து உழ யாருக்கு வசதி இருக்கிறது? பசுதான் பால் தர வேண்டும், பசுதான் ஏரும் இழுக்க வேண்டும். நிக்கானோர் கலப்பையைப் பிடிப்பார், எலாதியா கோலோடு முன்னால் நடப்பாள். அவர்கள் கோதுமை வயல் ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததால் அந்த ஜோடி தினமும் தண்ணீரில் இறங்கிப் பழகியிருந்தது. மற்ற வீட்டு மாடுகள் ஆற்றைக் கண்டால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும்.

நிக்கானோர் தங்கமான மனிதர், ஆனால் வாயில்லாப் பூச்சி. ஞாயிறு பூசை முடிந்து ஆண்கள் மாதா கோயில் முகப்பில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். பெண்கள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்ப்பார்கள். அவர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் எலாதியா பிடித்துக்கொள்வாள்.

“என்ன பேசினாங்க?”

“ஆலைக்காரனைப் பத்தி.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன்.”

“எதுக்குச் சரின்னே?”

“எல்லாரும் சொன்னாங்க.”

“மாதாவே! உன்னை அனுப்பறதுக்குப் பதிலா நம்ம பிந்தாவை அனுப்பியிருக்கலாம். அதுவாவது தலையை ஆட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே பூண்டு சூப்பைக் குடிப்பார். பாதி காதில் விழுந்திருக்காது. விழுந்த பாதிக்கே அவருக்குச் சிரிப்பு வரும். ஒரே பெண், நியேவெஸ், லெயோன் பட்டணத்தில் பெரிய வீடொன்றில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். பையன் பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று ஊர் பிறகு சொல்லிக் காட்டியது.

எப்படியென்றால், எங்கள் ஊரில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு குச்சி உண்டு. சாண் நீளம், விரல் கனம், தோல் சீவி வெயிலில் காய வைத்த காட்டுக் குச்சி. ஒரு முனையில் அந்த வீட்டுக் குறியைக் கத்தியால் செதுக்கியிருப்பார்கள். நிக்கானோர் வீட்டுக் குறி வைக்கோல் வாரி, மூன்று பல். கல்யாணமாகி அடுப்பு மூட்டி, ஊருக்கு ஒயினும் ரொட்டியும் கொடுத்த அன்று அந்தக் குச்சி பிறக்கும். ஜூன் மாதம் அருளப்பர் திருநாளுக்கு மறுநாள் எல்லாக் குச்சிகளையும் தோல் பையில் போட்டுக் குலுக்கி, கோயில் சாமியார் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எடுக்கும் வரிசைப்படி ஊர்ப் புல்வெளியில் பங்கு. அந்தப் புல்தான் குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு உயிர். வாய்க்கால் மராமத்தா, பாதையில் பனி வாருவதா, அதற்கும் குச்சிக் கணக்குத்தான். குச்சி இருந்தால் வேலை உண்டு, பங்கு உண்டு, கூட்டத்தில் வாய் திறக்கலாம்.

ஒரு மார்ச் மாதம், மலையில் பனி உருகும் சமயம், வாய்க்கால் மராமத்துக்கு மணி அடித்தது. நிக்கானோர் நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று மண் வாரினார். ராத்திரி குளிர் பிடித்தது. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. எலாதியா பன்றிக்கொழுப்பைச் சூடு பண்ணித் தேய்த்தாள், ஒயினைக் காய்ச்சித் தேன் விட்டுக் கொடுத்தாள், கடைசியில் டாக்டரைக்கூட வரவழைத்தாள். ஈஸ்டருக்கு முன்னாலேயே மனிதர் போய்விட்டார். நியேவெஸ் வந்தாள், அழுதாள், முதலாளி வீட்டில் லீவு முடிந்ததும் திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எலாதியாவைக் கோயில் முகப்பில் நிற்கச் சொன்னார்கள். அந்த வருஷம் ஊர்த் தலைவர் அபுந்தியோ. கெட்டவர் இல்லை. கல்லில் வெட்டின எழுத்து மாதிரி வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள், அவ்வளவுதான். பையிலிருந்து மூன்று பல் குறி போட்ட குச்சியை எடுத்தார். கல் பெஞ்சில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ரம்பம் வந்தது.

“மனசுல வச்சுக்காதே, எலாதியா. வழக்கம்.”

ஆண் இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு. பதினேழு வயசான பையன் இருந்தால் முழுசு. இல்லையென்றால் விதவைக்கு அரை வேலை, அரைப் பங்கு. எலாதியாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் தெரிவது வேறு, அந்த ரம்பச் சத்தத்தைக் காதால் கேட்பது வேறு. குறி போட்ட பாதி பைக்குள் திரும்பிப் போனது. மற்றப் பாதி கீழே விழுந்தது. ஆண்கள் எல்லோரும் தங்கள் மரக்கட்டைச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எலாதியா குனிந்து அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

“அது எதுக்கு உனக்கு?” என்றார் அபுந்தியோ.

“ஊருக்கு வேண்டாததுதானே? என் அடுப்புக்காவது ஆகும்.”

தூணில் சாய்ந்து நின்ற காசில்தா அப்போதுதான் வாயைத் திறந்தாள். வயதானவள், ஒற்றைக் கழுதையோடு ஒற்றையாக வாழ்கிறவள், ஊரில் எல்லோருக்கும் அத்தை. அவள் அரையாகி எத்தனையோ வருஷம். அன்றுவரை ஊரில் வேறு அரை இல்லாததால் அவளுக்கு ஒழுங்கான பங்கே கிடையாது. புல்வெளி ஓரத்தில் கோரை மண்டின ஒரு நாடாவைக் காட்டி, “அத்தை, அது உனக்கு” என்று விடுவார்கள். இரண்டு அரை சேர்ந்தால்தான் ஒரு முழுப் பங்கு.

“வாடி வா,” என்றாள் காசில்தா. “எத்தனை வருஷமா என் பாதிக்கு ஜோடி இல்லாம கிடந்தேன் தெரியுமா?”

புருஷனை மண்ணில் வைத்த ஈரம் காயவில்லை, இவள் ஜோடி சேர்கிறாளாம்! எலாதியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏப்ரன் பையில் கிடந்த பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஜூன் மாதம் சாமியார் பையிலிருந்து எடுத்தது இரண்டு துண்டுகளை ஒரே நூலில் கட்டின ஒரு குச்சி. ஒன்றில் வைக்கோல் வாரி, இன்னொன்றில் காசில்தா வீட்டு மணி. பங்கு நல்ல இடத்தில்தான் விழுந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நீள் அரிவாளை வீசினார்கள். புல் காய்ந்ததும் இரண்டு போர் போட்டார்கள். காசில்தா இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து, குதிரை வாங்குகிற மாதிரி பார்த்து, ஒன்றைத் தொட்டாள். “இது என்னோடது.” இரண்டும் ஒரே உயரம். எலாதியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அரைப் பங்குப் புல் ஒரு மாட்டுக்குப் போதும். இரண்டு மாட்டுக்கு எப்படிப் போதும்? ஒரு மாட்டை விற்றுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்வது சுலபம். ஏர் என்பது ஜோடி. ஒன்றை விற்றால் மிச்சம் இருப்பது ஒரு மாடு, ஏர் இல்லை. பிறகு உழுவதற்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய், “உங்க வேலை முடிஞ்சதும் எனக்கும் கொஞ்சம்” என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அவர்கள் வேலை முடிவதற்குள் மழை போய்விடும். பிந்தா போனால் கோதுமையும் போனது, கோதுமை போனால் நியேவெஸ் மாதிரி அவளும் பட்டணத்தில் யாருக்கோ பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். எலாதியா விற்கவில்லை.

குளிர்காலம் அவளைக் கேட்காமலே நீண்டது. இலையுதிர்காலத்தில் வெட்டிக் காய வைத்திருந்த மரத்தழையைப் போட்டாள், உருளைக்கிழங்குத் தோலை வேகவைத்துப் போட்டாள், தன் படுக்கையில் அடைத்திருந்த வைக்கோலையும் ஒரு நாள் உருவிப் போட்டாள். இருந்தும் பிந்தாவின் இடுப்பெலும்பு தொப்பி மாட்டுகிற ஆணி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எலாதியாவுக்கு அழுகை முட்டும். நிக்கானோர் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. மாட்டுத் தொழுவத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பனி கொட்டின ஒரு காலை, கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் காசில்தா, அவள் கழுதை, கழுதை முதுகில் இரண்டு மூட்டைப் புல்.

“என் கழுதைக்கு வயசாயிடுச்சு. பல்லெல்லாம் போச்சு, முன்ன மாதிரி தின்ன மாட்டேங்குது,” என்றாள் காசில்தா. “மிச்சம் கிடக்கு. வேணும்னா எடு, வேணாம்னா திருப்பிக் கொண்டு போறேன். எனக்கென்ன வந்தது.”

பல் போன அந்தக் கழுதை எலாதியாவின் கதவுச் சட்டத்தைக் கடித்துச் சிம்பு சிம்பாக உரித்துக்கொண்டிருந்தது.

எலாதியா அதைப் பார்த்தாள். காசில்தாவைப் பார்த்தாள். “உள்ள வா அத்தை. வாசல்ல நின்னா கதவு மிஞ்சாது.”

அன்றிலிருந்து இருவரும் ஒரே அடுப்பில் குளிர்காய ஆரம்பித்தார்கள். விறகு மிச்சம் என்று ஊருக்குச் சொன்னார்கள். சண்டை நின்றுவிடவில்லை, உப்பு கூட, உப்பு குறைவு என்று தினமும் நடந்தது. ஆனால் அது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போடுகிற சண்டை.

பிந்தா எப்படியோ வசந்தம் வரை நின்றாள். மேய்ச்சலில் இரண்டு வாரம் விட்டதும் தேறியும் விட்டாள். மாட்டு வியாபாரி ஒருவன் வந்து அவள் முதுகைத் தட்டி, “இன்னொரு குளிர்காலம் இப்படிப் போட்டா தோல்தான் மிஞ்சும்மா. சந்தைக்கு முன்னாடி யோசிச்சு வை” என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஜூனில் முழுப் பங்கு கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலையுதிர்காலச் சந்தைக்குப் பிந்தா போக வேண்டும். எலாதியா நேராக அபுந்தியோ வீட்டுக்குப் போனாள்.

“நான் முழு வேலை செய்யறேன், எனக்கு முழுப் பங்கு குடுங்க.”

அபுந்தியோ இருமினார். அந்த வருஷமும் அவர்தான் தலைவர், வேறு யாரும் முன்வரவில்லை. “வழக்கம், எலாதியா. நான் போட்டதா?”

“உங்க அப்பா போனப்ப உங்க அம்மா அரையா?”

“எங்கம்மாவுக்கு நான் இருந்தேனே. அதனால முழுசு.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“பதினாறு. பதினேழுன்னு சொல்லிட்டாங்க.”

“உழத் தெரியுமா அப்ப?”

அபுந்தியோ மறுபடியும் இருமினார். அவர் மனைவி ஃபெர்மினா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் மக்காரியோ நின்றுகொண்டிருந்தான். ஊரின் கிழட்டு மாப்பிள்ளை, கல்யாணமே ஆகாதவன், தங்கை வீட்டுச் சாப்பாடு. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான்.

“எலாதியா, ஒரு வழி இருக்கு. என்னைக் கட்டிக்கிட்டா நீ முழுசு.”

“உன்னைச் சேர்த்தா? நீயே கால்தானேடா மக்காரியோ. அரையும் காலும் சேர்ந்தா முக்கால்தான் வரும்.”

மக்காரியோ கோபப்படவில்லை. அவனே இரண்டு நாள் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அதற்குள் மலை தன் வேலையைக் காட்டியது. அந்த வருஷம் பனி ஒரேயடியாக உருகி, ஆறு பெருகி வந்து வாய்க்கால் தலைப்பிலிருந்த அணையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. குறுக்கே கிடந்த பெரிய ஓக் மரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அணை இல்லாவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் ஜூனில் புல் இல்லை. முழுப் பங்கும் அரைப் பங்கும் எல்லாம் ஒன்றுதான் அப்போது. காட்டில் புதிதாக ஒரு ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். மணி அடித்தது: தலைக்கட்டுக்கு ஓர் ஏர், பெரிய சங்கிலி, எல்லோரும் ஆற்றங்கரைக்கு.

வரிசையாக மற்ற எல்லா வீட்டு ஜோடிகளையும் சங்கிலியில் பூட்டியாயிற்று. முன்னால் தண்ணீரில் இறங்க ஒரு ஜோடி வேண்டும். ஆற்றைப் பார்த்ததும் மாடுகள் கண்ணை உருட்டின. “எலாதியா எங்க? அவ ஜோடி இல்லாம ஆகாது,” என்றார் அபுந்தியோ.

எலாதியா வந்தாள். எங்கள் பக்க வழக்கப்படி கலானாவின் கொம்பில் நுகத்தடி கட்டியிருந்தது. நுகத்தடியின் மறுபக்கம் காலியாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் பாதையைச் சுரண்டிக்கொண்டு வந்தது. கலானா கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, இது என்ன கூத்து என்பது போல நடந்தது.

“இன்னொண்ணு எங்க?”

“எந்த இன்னொண்ணு?”

“பிந்தா!”

“அரைத் தலைக்கட்டுக்கு அரை ஏர். கொண்டு வந்துட்டேன். எங்க கட்டணும், சொல்லுங்க.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கரை முழுக்கச் சிரிப்பு. அபுந்தியோவின் முகத்தில் ஈயாடவில்லை. “விளையாடற நேரமாடி இது? தண்ணி ஏறிக்கிட்டே வருது!”

“நான் எங்க விளையாடறேன்? ரம்பம் எடுத்தது நீங்க. நடுவுல அறுத்தது நீங்க. அந்த இன்னொரு பாதி உங்ககிட்டதான் இருக்கணும், தேடிப் பாருங்க.”

சிரிப்பு நின்றது. அப்போதுதான் பாதை வளைவில் காசில்தா தலை தெரிந்தது. கழுதையைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்க, நேராகக் கலானாவின் காலிப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இன்னொரு அரை இதோ. பூட்டுங்கப்பா. முழுசாயிடுச்சுல்ல?”

கலானா கழுதையை முகர்ந்து பார்த்தது. கழுதை கலானாவின் காதை முகர்ந்து பார்த்தது. பிறகு நுகத்தடியைக் கடிக்க ஆரம்பித்தது. மக்காரியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் ஆறு யாருக்காகவும் காத்திருக்கிற ஆறு இல்லை. அபுந்தியோ தன் கைத்தடியை மண்ணில் ஊன்றினார். தலைவர் தடியை ஊன்றினால் அந்த இடம் ஊர்க்கூட்டம். ஆண்கள் சுற்றி நின்றார்கள், கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். அபுந்தியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

“சரி, எலாதியா. உன்கிட்ட ஏர் இருக்கு. ஏர் இருக்கற வீடு முழுசுன்னு வச்சுக்கறோம். போய்ப் பிந்தாவை ஓட்டிட்டு வா.”

இதுதான் அவள் கேட்டது. முழுப் பங்கு, இரண்டு மாட்டுக்கும் புல், குளிர்காலம் முழுக்க. பிந்தாவின் இடுப்பெலும்பைத் தடவி அழ வேண்டாம். வீட்டுப் பக்கம் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

பிறகு கழுதையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற காசில்தாவைப் பார்த்தாள்.

“அப்ப அத்தை?”

அபுந்தியோதான் மெதுவாகச் சொன்னார். “அத்தைக்கு ஏர் இல்லையே. முன்ன மாதிரி ஓரத்துல கொடுத்துடலாம்.”

முன்ன மாதிரி. கோரை மண்டின நாடா. மறுபடியும் ஜோடி இல்லாத பாதி. அடுத்து எவளாவது விதவையாகும்வரை இவள் ஓரத்தில் நின்று காத்திருக்க வேண்டும். அன்று கோயில் முகப்பில் தூணில் சாய்ந்து சொன்னாளே, அது குத்தல் இல்லை, ஆற்றாமை. எலாதியாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“வாங்கிக்கடி,” என்றாள் காசில்தா. அவள் முகம் ஆற்றுப் பக்கம் இருந்தது. “என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. கோரையும் புல்லுதான். என் கழுதைக்குத்தான் பல்லு இல்லையே.”

“உன் கழுதைக்கு இருக்கற பல்லு ஊர்ல ஒருத்தனுக்கும் கிடையாது,” என்றாள் எலாதியா. அபுந்தியோ பக்கம் திரும்பினாள். “அவளும் முழுசு, நானும் முழுசு. இல்லேன்னா ரெண்டு பேரும் அரை. அரைன்னா இந்தா கலானா. ஆத்துல இறக்கிக்கோங்க.”

“அநியாயமா பேசறே! அவளுக்கும் ஒரு பங்குன்னா புல்வெளி முழுக்கத் திரும்ப அளக்கணும். ஒவ்வொரு வீட்டுக்கும் புல் குறையும்!”

“எவ்வளவு குறையும்? ஒரு அரிவாள் வீச்சு. எனக்குக் குறைஞ்சது எவ்வளவுன்னு யாராவது கேட்டீங்களா? இந்த வாய்க்கால்ல நின்னுதான் என் புருஷன் செத்தான். முழு ஆளா நின்னான். அரை ஆளா நிக்கலை.”

மதியச் சாப்பாட்டுக் கூடைகளோடு பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பாதையிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அபுந்தியோவுக்கு இருமல் வந்தது. காலையிலிருந்து தண்ணீரில் நின்ற கால். இருமி, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் இருமினார். ஃபெர்மினா கூடையைக் கீழே வைத்தாள். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

“ஏன்யா,” என்றாள். “நாலு நாளா நீ இப்படி இருமறே. நமக்கும் பையன் இல்லை. நீ போயிட்டா என் குச்சியை எந்த இடத்துல அறுப்பாங்க?”

அபுந்தியோ நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். சட்டைப்பையில் அந்த ரம்பம் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல அவர் கை தானாக அங்கே போய் நின்றது. மற்ற ஆண்களும் அவரவர் மனைவியைப் பார்த்தார்கள். பெண்கள் யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கூடையில் கொண்டைக்கடலைக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் சம்மதம் என்றால் தொப்பியைக் கழற்றுவது வழக்கம். முதலில் கழற்றினவன் குச்சியே இல்லாத மக்காரியோ. “என்னைக் கட்டிக்க மாட்டேன்னுட்டா. இதையாவது செய்யறேன்,” என்றான். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. முணுமுணுத்துக்கொண்டே கழற்றினவர்களும் உண்டு. ஒரு அரிவாள் வீச்சுப் புல் என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. கடைசியாக அபுந்தியோ தன் தொப்பியைக் கழற்றி, நெற்றி வேர்வையை அதிலேயே துடைத்துக்கொண்டார்.

“போய்ப் பிந்தாவைக் கூட்டிட்டு வாம்மா,” என்றார்.

எலாதியா ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி ஊர் பார்த்தது அன்றுதான். கலானாவும் பிந்தாவும் ஜோடியாக ஆற்றில் இறங்கின, வயிறு வரை தண்ணீர், எலாதியா பாவாடையைச் செருகிக்கொண்டு கொம்புக்கு முன்னால் நடந்தாள், பேசிக்கொண்டே நடந்தாள். பின்னால் மற்ற ஜோடிகள் வேறு வழியில்லாமல் இழுத்தன. சாயங்காலத்துக்குள் ஓக் மரம் ஆற்றின் குறுக்கே கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் திரும்பியது.

அருளப்பர் திருநாளுக்கு மறுநாள், கோயில் முகப்பில் அபுந்தியோ இரண்டு புதுக் குச்சிகளோடு உட்கார்ந்திருந்தார். இருமல் போயிருந்தது. எலாதியா ஏப்ரன் பையிலிருந்து அறுபட்ட அந்தப் பாதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அடுப்புல போடலையா நீ?”

“ஈரமா இருந்தது.”

இதையும் பழைய பாதியையும் நூல் போட்டுச் சேர்த்துவிடலாம் என்றாள். மக்காரியோ ஒத்துக்கொள்ளவில்லை. “போன வருஷம் மாதிரியே சாமியார் கைக்கு முடிச்சு தட்டுப்படும். சீட்டு போங்குன்னு நாளைக்கு நானே சொல்லுவேன்.” அது நியாயம்தான். அதனால் அவளும் புதுக் குச்சியையே வாங்கிக்கொண்டாள். மூன்று பல் வைக்கோல் வாரி, பச்சை மர வாசனை. பழைய இரண்டு பாதிகளையும் ஏப்ரன் பையில் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

காசில்தாவிடம் சேர்த்துப் பார்க்க மறுபாதி இல்லை; அவளுடைய அறுபட்ட துண்டு என்றைக்கோ யாருடைய அடுப்பிலோ போயிருந்தது. அபுந்தியோ மணிக் குறி செதுக்கின புதுக் குச்சியை நீட்டினார். அவள் அதை உடனே தோல் பையில் போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டை விரலால் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். சாமியார் காத்திருந்தார், ஊர் காத்திருந்தது. கடைசியில் எலாதியா பக்கம் திரும்பினாள்.

“அடியே,” என்றாள், “நான் இவ்ளோ நீளமாவா இருந்தேன்?”

எலாதியா கிட்டே வந்தாள். காசில்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் குச்சியை வாங்கித் தோல் பைக்குள் போட்டாள்.